விதையை விரித்துப் பார்!

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா. கரையின் நாடா தவறி உடலுக்குள் ஓடினால் சேலை வீண். நெசவாளியின் கூலியில் கை விழும்.

நெல்லிலும் இன்று இப்படி ஒரு கோர்வை வேலை நடக்கிறது. உழவுத் தொழிலாளிகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

நெற்பயிரின் ஒவ்வொரு உயிரணுவிலும் எல்லா மரபணுக்களும் உள்ளன. ஆனால் எல்லாம் எங்கும் வேலை செய்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை உண்டு. சில விசைகள் இலையில் திறக்கும். சில மணியில் மட்டுமே திறக்கும். அதனால்தான் பச்சை இலையில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்னும் சத்து நாம் உண்ணும் வெள்ளை அரிசியில் இல்லை. உடலில் வைட்டமின் 'ஏ' ஆக மாறும் சத்து இது. குறைந்தால் குழந்தையின் கண் கெடும். கீரையும் பாலும் வாங்கக் கூலி போதாத வீட்டில்தான் இந்தக் குறை அதிகம்.

இங்கோ பொட்ரிகுஸ், பீட்டர் பேயர் என்ற இரு விஞ்ஞானிகள் அரிசியிலேயே இச்சத்தை உண்டாக்கி 2000ல் உலகுக்கு அறிவித்தார்கள். மஞ்சளாக இருந்ததால் 'தங்க அரிசி' எனப் பெயர் வந்தது. 2005ல் சின்ஜென்டா கம்பெனியின் விஞ்ஞானிகள் மக்காச்சோள மரபணுவைச் சேர்த்துச் சத்தைப் பல மடங்காக்கினார்கள். புதிய மரபணுக்களுக்கு மணியில் மட்டும் திறக்கும் நெல்லின் சொந்த விசையையே பூட்டினார்கள். நல்ல யோசனைதான். மறுக்கவில்லை.

ஆனால் நடந்தது என்ன? அவ்வகைகளில் ஒன்றை டில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் நம் நாட்டின் 'ஸ்வர்ணா' நெல்லில் சேர்த்துப் பார்த்தது. பயிர் குட்டையாயிற்று, இலை வெளுத்தது, கதிர் சிறுத்து மகசூல் விழுந்தது. காரணம் இரண்டு. புதிய மரபணு போய் அமர்ந்த இடத்தில், நெல்லின் சொந்த மரபணு ஒன்று சிதைந்திருந்தது. மணிக்கென்று வைத்த விசையோ இலையிலும் கசிந்து திறந்திருந்தது. கரையின் நாடா உடலுக்குள் ஓடிவிட்டது!

அதே முறையில் பிறந்த வேறொரு வகையில் இந்தக் கோளாறு இல்லை. அதற்குப் பிலிப்பைன்ஸ் நாடு 2021ல் சாகுபடி அனுமதி தந்தது. 2024ல் அங்குள்ள நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆக, ஒரு வகை தேறியதென்று இன்னொன்றை நம்பிவிட முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும்.

ஸ்வர்ணாவில் வந்த கோளாறை வெளியிட்டது யார்? ஜனங்களின் வரிப்பணத்தில் நடக்கும் நிலையம். 2017ல் ஒளிக்காமல் வெளியிட்டது. சோதிக்காமல் அந்த விதை வயலுக்கு வந்திருந்தால்? குத்தகை விவசாயிக்குக் கடன். நமக்கு அறுப்புக் கூலி இல்லை. கம்பெனியா ஈடு கட்டும்?

விஞ்ஞானத்தை நாம் எதிர்க்கவில்லை. பொது ஆராய்ச்சி நிலையங்களுக்குச் சர்க்கார் தாராளமாகப் பணம் தரட்டும். நம் மண்ணில், நம் ரகங்களில் சோதிக்கட்டும். முடிவைத் தமிழில் ஜனங்கள் முன் வைக்கட்டும்.

நெசவாளி கொண்டுபோகும் சேலையை மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்துத்தான் முதலாளி கூலி தருகிறார். அவர்கள் தரும் விதையை நாமும் விரித்துப் பார்ப்போம்!