முதல் ஐந்து நிமிடங்கள்: யாருக்குப் பயப்பட வேண்டும்?

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் மாமி வீட்டில் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றுகூடி 'ஜோஸ்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தோம். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் இயக்கி 1975இல் வெளிவந்த படம் அது. நான் இஷாத் தொழுதுவிட்டு வந்து அமர்ந்தபோது படம் தொடங்கிச் சில நிமிடங்கள் கடந்திருந்தன. "பெருசா ஒண்டும் போகல்ல, இரி" என்றார் நானா.

கதை ஒரு கடற்கரை ஊரில் நடக்கிறது. கடலில் சுறா இருக்கிறது, குளிக்க யாரும் இறங்கக் கூடாது என்கிறார் பொலிஸ் அதிகாரி. ஊர் மேயரோ அதை மறுக்கிறார். இறந்த பெண் படகில் அடிபட்டிருக்கலாம் என்கிறார். விடுமுறைக் காலத்தில் கடற்கரையை மூடினால் ஊரின் பிழைப்பு என்னாவது என்று கேட்கிறார். எனக்கு மேயர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகவே பட்டது. மற்றவர்களோ அவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

"ஏன் அவருக்கு ஏசுறீங்க? படகுல அடிபட்டும் இரிக்கலாம் தானே?" என்றேன்.

"நீ மொதல் சீனப் பாக்கல்ல. அதான் இப்பிடிச் சொல்ற" என்றார் நானா.

அந்த ஒரு வசனம்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது. ஒரே அறையில் ஒரே படத்தைத்தான் பார்த்தோம். ஆனால் அவர்கள் பார்த்த மேயர் பொய்யர்; நான் பார்த்த மேயர் நியாயவாதி. இடையில் இருந்த வித்தியாசம் சில நிமிடக் காட்சி மாத்திரமே.

மறுநாள் அந்த முதற்காட்சியைத் தனியாகப் போட்டுப் பார்த்தேன். இரவு நேரம். கடற்கரையில் தீ மூட்டி இளைஞர்கள் கூடியிருக்கிறார்கள். ஓர் இளம்பெண் ஓடிச் சென்று கடலில் இறங்கி நீந்துகிறாள். கமரா நீருக்கு அடியில் போய் அங்கிருந்து அவளை மேல்நோக்கிப் பார்க்கிறது. ஜோன் வில்லியம்ஸின் இசை இரண்டே சுரங்களில் மெல்ல நெருங்கி வருகிறது. அவள் இழுபடுகிறாள், அலறுகிறாள், மறைகிறாள். கடல் மீண்டும் அமைதியாகிறது. சுறா மட்டும் வரவே இல்லை. படம் பாதியைத் தாண்டும் வரை அதை நாம் முழுதாகக் காண்பதும் இல்லை.

சுறாவைக் காட்டியிருந்தால் நாம் சுறாவுக்கு மட்டும் பயந்திருப்போம். காட்டாததால் கடல் முழுவதற்கும் பயப்படுகிறோம். அதற்குப் பிறகு படத்தில் ஒரு பிள்ளை தண்ணீரில் கால் வைத்தாலே நெஞ்சு பதறுகிறது. அத்தோடு, ஊரில் பெரும்பாலானோருக்குத் தெரியாத ஓர் உண்மை நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே அதை மறுப்பவர் எவராயினும் நம் கண்ணுக்குக் குற்றவாளி ஆகிவிடுகிறார். திகில் படத்தின் ஆரம்பக் காட்சி பயமுறுத்துவதற்காக மட்டும் வைக்கப்படுவது என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது, யாருக்குப் பயப்பட வேண்டும், யாரை நம்ப வேண்டும் என்ற இரண்டையும் நமக்குத் தெரியாமலே கற்பித்துவிடுகிறது.

அப்படியானால் அது தவறாகவும் கற்பிக்கலாம் அல்லவா?

இதற்குத் தமிழிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. வீணை எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் வெளியான 'அந்த நாள்'. பாடலே இல்லாத தமிழ்ப் படம். இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சென்னையில், ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு மறுநாள் கதை தொடங்குகிறது. தொடக்கத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் நடித்த ராஜன் என்ற வானொலிப் பொறியியலாளன் இறந்துபோகிறான். சுட்டவர் யாரென்று காட்டப்படவில்லை. கதாநாயகனாக நடிப்பவரே முதற்காட்சியில் கொல்லப்பட்டால் நாம் என்ன நினைப்போம்? இறந்தவன் அப்பாவி, சுட்டவர் பாவி என்று உடனே முடிவு கட்டிவிடுவோம். பிறகு விசாரணை நடக்கிறது. ஒவ்வொருவராக வந்து வேறு வேறு கதை சொல்கிறார்கள்.

எழுபது வருடப் பழைய படம் என்பதால் முடிவைச் சொல்வதை மன்னியுங்கள். ராஜன் எதிரிக்கு நாட்டை விற்ற உளவாளி. அவனைச் சுட்டது, நாட்டை நேசித்த அவனுடைய மனைவி. முதற்காட்சியில் நாம் இரக்கப்பட்டவன் ஒருவன். கடைசிக் காட்சியில் நாம் அறிந்துகொள்பவன் இன்னொருவன். முதற்காட்சியில் பொய் ஏதும் இல்லை. நாம்தான் அவசரப்பட்டோம். அந்த அவசரத்தை நமக்கே காட்டித் தருவதனால்தான் அது இன்றும் பேசப்படும் படமாக இருக்கிறது என்பது என் கருத்து.

ஜோர்டன் பீல் இயக்கிய 'கெட் அவுட்' (2017) இதை இன்னொரு விதமாகச் செய்கிறது. அமெரிக்க நகரம் ஒன்றின் வசதியான குடியிருப்பு. அழகான வீடுகள், வெட்டிய புற்றரை, தெருவிளக்குகள். இரவில் ஒரு கறுப்பின இளைஞன் வழி தவறிக் கைத்தொலைபேசியில் பேசியபடி தனியே நடந்து வருகிறான். வெள்ளை நிறக் கார் ஒன்று அவனைப் பின்தொடர்கிறது. முகம் மறைத்த ஒருவன் அவனைத் தாக்கிக் காருக்குள் இழுத்துப் போடுகிறான்.

எத்தனையோ படங்களில் இரவுத் தெருவில் வரும் கறுப்பு மனிதன்தான் ஆபத்தானவன். இங்கே பயப்படுபவனே அவன்தான். சுத்தமான அந்தத் தெருதான் ஆபத்து. யாருக்குப் பயப்பட வேண்டும் என்று நாம் பழகி வைத்திருந்த பாடத்தைச் சில நிமிடங்களில் இயக்குநர் தலைகீழாக்கிவிடுகிறார்.

இதைப் பார்த்தபோது எனக்கு நம்மைப் பற்றிய யோசனை வந்தது. திகில் படங்களிலும் குற்றப் படங்களிலும் நாம் எப்படித் தொடங்கி வைக்கப்படுகிறோம்? பாங்கு ஒலிக்கும், ஒடுங்கிய சந்து ஒன்று தெரியும், தொப்பியும் தாடியும் அணிந்த ஒருவர் திரும்பிப் பார்ப்பார், பின்னணி இசை கனக்கும். இன்னும் யாரும் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனால் பார்ப்பவர்கள் பயப்படத் தொடங்கிவிட்டார்கள். நமக்குத் தொழுகை நேரத்தை அறிவிக்கும் ஓசை, திரையில் குண்டு வெடிக்கப் போகிறது என்பதற்கான மணியோசை ஆகிவிடுகிறது. இது இயக்குநரின் சோம்பல். பயத்தைப் புதிதாக உண்டாக்கும் வேலையைச் செய்யாமல், ஏற்கெனவே இருக்கும் பயத்தை அவர் கடன் வாங்குகிறார். வட்டியைக் கட்டுபவர்கள் நாங்கள்.

நான் கட்டிய வட்டி ஒன்றைச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக்குப் பிந்திய வாரங்கள். அப்போது எனக்குப் பதினொரு வயது. உம்மாவோடு பஸ்ஸில் போனேன். கைப்பிள்ளையோடு இருந்த ஒரு பெண்ணுக்கு அருகில் உம்மா அமர்ந்தார். அந்தப் பெண் உம்மாவின் ஹபாயாவைப் பார்த்தார், மடியில் இருந்த பையைப் பார்த்தார், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். இறங்கும் வரை நின்றுகொண்டேதான் வந்தார். அந்தப் பைக்குள் என்னுடைய தண்ணீர்ப் போத்தலும் உம்மாவின் மருந்துத் துண்டும்தான் இருந்தன.

அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் உயிரிழந்தவர்களின் துயரம் எந்த வார்த்தையாலும் குறையாது. ஒரு தாயாக அவர் பயந்தார். ஆனால் அவர் எங்களைச் சந்திக்கும் முன்பே எங்களுடைய முதற்காட்சி அவருக்குக் காட்டப்பட்டுவிட்டது. அதன் பிறகு உம்மா என்ன செய்தாலும், சிரித்தாலும் கூட, அது அந்தக் காட்சியின் தொடர்ச்சியாகத்தான் தெரிந்திருக்கும்.

நானும் இதற்கு விதிவிலக்கல்ல. காவியுடை அணிந்த ஒருவரைக் கண்டாலே என் நெஞ்சு படபடத்த காலம் ஒன்று உண்டு. அதுவும் கைத்தொலைபேசியில் பரவிய காணொளிகளின் முதல் சில நொடிகள் எனக்குக் கற்றுத்தந்ததுதான். அந்தப் பஸ்ஸில் வந்த பெண்ணுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று இப்போது விளங்குகிறது.

"அப்படியானால் இந்தப் படங்களைப் பார்க்காமல் விட்டுவிடலாமே" என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதிலும் நன்மை இருக்கிறது. வெறும் இரத்தத்தைக் காட்டும் படங்களுக்கு நேரம் செலவழிக்கத் தேவையில்லைதான். ஆனால் நாம் பார்க்காவிட்டாலும் உலகம் பார்க்கிறது. பிறகு அதே கண்ணால் நம்மைப் பார்க்கிறது. ஆகவே பார்க்கத் தெரிந்துகொள்வதும், முடிந்தால் நம்முடைய முதற்காட்சியை நாமே எழுதுவதும்தான் நல்லது.

அப்படி எழுதிய ஒருவர் பாபக் அன்வாரி. அவருடைய 'அண்டர் த ஷடோ' (2016) பாரசீக மொழிப் படம். ஈரான்–ஈராக் போர்க் காலத்துத் தெஹ்ரானில் ஒரு தாயையும் மகளையும் ஜின் பயமுறுத்தும் கதை. ஆனால் அது ஜின்னோடு தொடங்கவில்லை. இடையில் நின்றுபோன மருத்துவப் படிப்பைத் தொடர அனுமதி கேட்டு ஒரு பெண் அதிகாரி ஒருவரின் முன் அமர்ந்திருக்கிறாள். பழைய அரசியல் ஈடுபாட்டைக் காரணம் காட்டி அவர் மறுத்துவிடுகிறார். அவள் இனி மருத்துவராக முடியாது. யன்னலுக்கு வெளியே தூரத்தில் குண்டு விழுகிறது. இந்தப் படத்தில் முஸ்லிம் பெண் பயங்கரத்தின் அடையாளமாக வரவில்லை. கனவு பறிபோன ஒரு மாணவியாக வருகிறாள். உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் எனக்கு, பின்னால் வந்த ஜின்னை விட அந்த மேசையும் அந்த மறுப்புமே அதிகம் பயத்தைத் தந்தன.

தோழிகளே, அடுத்த முறை ஒரு படம் தொடங்கும்போது முதல் ஐந்து நிமிடங்களைத் தவற விடாதீர்கள். பார்த்துக்கொண்டே உங்களிடம் கேளுங்கள்: யாருடைய கண்ணால் இதைப் பார்க்கிறேன்? யாருக்குப் பயப்படச் சொல்கிறார்கள்? அதற்கு அந்த மனிதர் இன்னும் என்ன செய்துவிட்டார்?

பஸ்ஸிலும் வகுப்பறையிலும் கடைத்தெருவிலும் இதே கேள்விகளைக் கேட்கலாம். அந்தப் பெண்ணின் கைப்பிள்ளை இப்போது பாடசாலைக்குப் போகும் வயதை அடைந்திருக்கும். என்றாவது ஒரு பஸ்ஸில் என் அருகில் வந்து அமரும்போது அதற்குப் பயம் வராமல் இருக்க வேண்டும். எனக்கும்தான்.