பெட்டி வீடா, பொருத்து வீடா?



ஊர் மனையில் அப்பா அம்மாவுக்கு ரெடிமேட் வீடு வைக்கலாமா என்று வெளிநாட்டிலிருந்து பலர் கேட்கிறீர்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று, லாரியில் முழுதாக வந்து இறங்கும் கண்டெய்னர் வீடு. மற்றது, வேறிடத்தில் வார்த்த கான்கிரீட் சுவர்களைக் கொண்டுவந்து அஸ்திவாரத்தின் மேல் பொருத்தும் பிரீகாஸ்ட் வீடு. சென்னை பெரும்பாக்கத்தில் 2022இல் திறந்த 1,152 அரசுக் குடியிருப்புகள் பிரீகாஸ்ட் முறையில் கட்டியவைதான்.

"இரண்டும் ஒன்றுதான், பெட்டி மலிவு" என்பது வியாபாரப் பேச்சு. நம்பாதீர்கள்! 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகளை வேரோடு சாய்த்தது மறந்துபோச்சா? நாலு கல்லின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் பெட்டியை அந்தக் காற்று விட்டுவைக்குமா? சித்திரை வெயிலில் தகரச் சுவர் அடுப்பாகக் கொதிக்காதா?

பிரீகாஸ்டுக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு சான்றிதழ் தரமாட்டேன். நம் டெல்டாக் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அஸ்திவாரம் அசைந்தால் இணைப்புகள் விரிசல் விட்டு ஒழுகும். ஆகவே முதலில் மண் பரிசோதனை. பிறகு வெள்ளம் ஏறாத உயரத்தில் தளம். இந்தச் செலவைக் காட்டாத விலைப்பட்டியலைத் திருப்பி அனுப்புங்கள்.

புயலடிக்கும் ராத்திரி அந்த வீட்டுக்குள் இருக்கப்போவது நீங்கள் அல்ல, உங்களைப் பெற்றவர்கள்.