எக்ஸ் பிரசிடென்ட்டின் செகண்ட் இன்னிங்ஸ்!

அப்பா, அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. பையன் பத்து வயசுலயே அப்பாவோட கப்பலேறி ஐரோப்பா போனவன். பதினாலு வயசுல, ரஷ்யாவுக்குப் போன தூதருக்குச் செயலாளர் கம் மொழிபெயர்ப்பாளர். இப்படி ஒரு பயோடேட்டா இருந்தா லைஃப் செட்டில்தானேனு தோணுதா? ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு அப்படி அமையலை பாஸ்!

1824 தேர்தலில் அதிக ஓட்டு வாங்கியது ஆண்ட்ரூ ஜாக்சன். ஆனால், யாருக்கும் மெஜாரிட்டி இல்லை. பிரதிநிதிகள் சபை கூடி ஆடம்ஸை ஆறாவது ஜனாதிபதியாக்கியது. தன்னை ஆதரித்த ஹென்றி கிளேவை வெளியுறவு அமைச்சராக்கினார் ஆடம்ஸ். விடுவாங்களா? 'இது பேரம்'னு ஜாக்சன் தரப்பு போட்டுத் தாக்கியது. ரோடு, கால்வாய், தேசியப் பல்கலைக்கழகம்னு ஆடம்ஸ் கண்ட கனவுகளில் பலதும் பேப்பரோடு நின்றன. 1828-ல் அதே ஜாக்சனிடம் 178-83 என செம தோல்வி. ஜாக்சனின் பதவியேற்பு விழாவுக்கே போகவில்லை மனுஷன்.

அவ்வளவுதான், இனி ஓய்வுனுதானே நினைப்பீங்க? அங்கேதான் ட்விஸ்ட். சொந்த ஊர்க்காரர்கள் கூப்பிட, 1830-ல் சாதாரண எம்.பி.யாகப் பிரதிநிதிகள் சபைக்கு ஜெயித்தார். ஜனாதிபதியா இருந்தவருக்கு இது இறக்கமில்லையா? மக்களுக்கு உழைக்கிற எந்தப் பதவியும் கேவலமில்லைங்கிறது அவர் கட்சி.

அடிமை முறைக்கு எதிரான மனுக்களை விவாதிக்கவே கூடாதுனு 1836-ல் சபை தடை போட்டது. ஆடம்ஸ் விடாமல் மனுக்களைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். கண்டனத் தீர்மானம்கூடக் கொண்டுவந்தார்கள். அசரலை. எட்டு வருஷம் கழித்து, 1844-ல் தடை நீங்கியது. நடுவில் 1841-ல், 73 வயசில் சுப்ரீம் கோர்ட் ஏறி, 'அமிஸ்டாட்' கப்பலில் கலகம் செய்து பிடிபட்ட ஆப்பிரிக்கர்களுக்காக வாதாடினார். அவர்களுக்கு விடுதலை!

1848 பிப்ரவரியில் சபையில் தன் இருக்கையிலேயே சுருண்டு விழுந்தார். இரண்டு நாளில், அதே கட்டடத்தில் உயிர் பிரிந்தது. அப்போது அந்தச் சபையில் ஒரு புது எம்.பி. இருந்தார். பேர், ஆபிரகாம் லிங்கன்.

காலேஜ் எலெக்‌ஷனில் சேர்மன் போஸ்ட் போச்சுனு கிளாஸ் பக்கமே வராம கேன்டீன்ல உட்கார்ந்திருக்கிற நண்பா... கிளாஸ் ரெப் போஸ்ட் இன்னும் காலியாத்தான் இருக்காம்!