கொறடாவும் மனச்சாட்சியும்

சட்டசபைக் கட்சி ஒவ்வொன்றிலும் 'கொறடா' என்று ஒருவர் இருக்கிறார். கொறடா என்றால் சவுக்கு. நரி வேட்டையில் நாய்களைச் சிதறாமல் ஓட்டிச் செல்கிறவனுக்கு இருந்த பெயரை இங்கிலீஷ்காரன் தன் பாராளுமன்றத்துக்குக் கொண்டு போனான். நாம் அதைத் தமிழாக்கிக் கொண்டோம். பெயரைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. அவனுடைய சவுக்கு கட்சியை விட்டுத்தான் துரத்தும். நம்முடையதோ அங்கத்தினர் பதவியையே பறித்துவிடும். என் சண்டையெல்லாம் அதைப் பற்றித்தான்.

1985-ல் அரசியல் சட்டத்தின் 52-ஆவது திருத்தமாகக் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கட்சிக் கட்டளைக்கு மாறாக ஓட்டுப் போட்டாலும், அனுமதியின்றி ஓட்டுப் போடாமல் இருந்தாலும், 15 நாட்களுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போயிற்று. மந்திரிசபையின் உயிர் ஊசலாடும் ஓட்டெடுப்பா, மீன்பிடி மசோதாவா என்ற பேதமெல்லாம் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனைதான்!

இந்தச் சட்டம் காரணமில்லாமல் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. 1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற சட்டசபை அங்கத்தினர் மிகக் குறுகிய நாட்களுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்று நாடே சிரித்தது. அங்கத்தினர்களைச் சந்தை மாடுகளைப் போல விலை பேசிய காலம் அது. அதைத் தடுக்க வேண்டும் என்பதில் யாருக்கு ஆட்சேபம்?

ஆனால் தடுத்தார்களா? சில்லறை வியாபாரத்தைத்தான் தடுத்தார்கள். மொத்த வியாபாரத்துக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள்! சட்டசபைக் கட்சியில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் குற்றமில்லை என்றது முதல் சட்டம். 2003-ல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டு, மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து வேறு கட்சியில் 'இணைந்தால்' மட்டுமே தப்பலாம் என்றார்கள். 2019-ல் கோவாவில் காங்கிரஸ் அங்கத்தினர் 15 பேரில் 10 பேர் பாரதிய ஜனதாவில் சேர்ந்தார்கள். 2022-ல் அதே கோவாவில் 11 பேரில் 8 பேர் போனார்கள். கணக்கைப் பார்த்தீர்களா? தனியாகப் போகிறவன் துரோகியாம், கூட்டமாகப் போகிறவர்கள் உத்தமர்களாம்!

"ஜனங்கள் ஆளைப் பார்த்தா ஓட்டுப் போடுகிறார்கள்? சின்னத்தைப் பார்த்துத்தானே! சின்னத்துக்கு விழுந்த ஓட்டைத் தன் இஷ்டப்படி பயன்படுத்த இவர் யார்?" என்று கேட்கிறார்கள். வலுவான வாதம்தான். ஆனால் சின்னத்தோடு ஒரு தேர்தல் அறிக்கையும் வருகிறதே! தலைமை அந்த வாக்குறுதியை மீறி ஒரு மசோதாவைக் கொண்டு வருகிறது. வாக்கைக் காப்பாற்ற ஓர் அங்கத்தினர் எதிர்த்து ஓட்டுப் போடுகிறார். பதவி இழக்கிறவர் வாக்கை மீறிய தலைவரல்ல, காப்பாற்ற நினைத்தவர். இது என்ன நியாயம்?

2003 மார்ச்சில், இராக் யுத்தம் பற்றிய விவாதத்தில், பிரிட்டனின் ஆளும் தொழிற்கட்சி அங்கத்தினர் 139 பேர் தங்கள் சர்க்காருக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். 2019 செப்டம்பரில் கன்சர்வேடிவ் கட்சி அப்படி எதிர்த்த 21 பேரைப் பாராளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கியது. ஆனால் எந்த அங்கத்தினரின் பாராளுமன்ற ஸ்தானமும் அதனால் பறிபோகவில்லை. கட்சி கொடுத்ததைக் கட்சி எடுத்துக்கொண்டது. ஜனங்கள் கொடுத்ததை அது தொடவில்லை.

"அது பிரிட்டன், நம் ஆட்களை நம்ப முடியுமா?" என்பது அடுத்த கேள்வி. நம்மவர்களைப் பற்றி நமக்கு எத்தனை மட்டமான அபிப்பிராயம்! 1957-ல் முந்த்ரா ஊழலை லோக்சபையில் அம்பலப்படுத்தியவர் யார்? எதிர்க்கட்சிக்காரரா? ஆளும் காங்கிரஸின் அங்கத்தினரும் பிரதம மந்திரி நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி! 1958-ல் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். பேசுவதை இன்றும் சட்டம் நேராகத் தடுக்கவில்லைதான். ஆனால் ஓர் அங்கத்தினரின் நடத்தையைக் கொண்டே அவர் கட்சியைத் துறந்துவிட்டதாக முடிவு கட்டலாம் என்று 1994-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதன் பிறகு எத்தனை பேருக்குத் துணிந்து நாக்கு எழும்?

தீர்ப்புச் சொல்கிறவர் யார் என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. சபாநாயகர்! ஆளும் கட்சியின் தயவால் நாற்காலியில் அமர்ந்தவர். 2017-ல் மணிப்பூரில் காங்கிரஸ் சின்னத்தில் ஜெயித்த ஒருவர் உடனே எதிரணி மந்திரிசபையில் மந்திரியானார். 2020-ல் சுப்ரீம் கோர்ட் கண்டிக்கும் வரை சபாநாயகர் முடிவு சொல்லவே இல்லை. இந்த அதிகாரத்தைச் சுதந்திரமான ஒரு டிரிப்யூனலிடம் ஒப்படைப்பது பற்றிப் பாராளுமன்றம் யோசிக்க வேண்டும் என்று அந்தக் கோர்ட்டே சொல்லிற்று.

நான் சட்டத்தைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. நம்பிக்கைத் தீர்மானத்திலும் பட்ஜெட்டிலும் கட்சிக் கட்டளை இருக்கட்டும், சர்க்கார் கவிழாது. 1990-லேயே தினேஷ் கோஸ்வாமி கமிட்டி ஏறக்குறைய இந்த வழியைக் காட்டிற்று. மற்ற மசோதாக்களில் கட்டை அவிழ்த்து விடுங்கள். லஞ்சம் வரும் என்று பயமா? யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்று ஒவ்வொரு மசோதாவுக்கும் பெயர் வாரியாகப் பதிவு செய்து ஊரறியப் பிரசுரியுங்கள். குரல் ஓட்டின் கூச்சலில்தான் ஒளிந்துகொள்ள முடியும். பெயர்ப் பட்டியலில் முடியாது.

நான் கதை எழுதுகிறவன். பாத்திரங்கள் என்ன பேசினாலும் முடிவு மாறாது என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். முடிவு முன்பே எழுதப்பட்ட சபையை ஜனங்களும் அப்படித்தான் மூடிக்கொண்டு போகிறார்கள். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எங்களுக்குக் கெடுதல் என்று உமக்கே தெரிந்த ஒரு மசோதாவை உமது கட்சி கொண்டு வந்தால், அதை எதிர்த்து ஓட்டுப் போடுவீரா?" இன்றைய சட்டப்படி, பதவியும் பிழைத்து உண்மையும் பிழைக்கிற பதில் அவரிடம் இல்லை.