யாரும் படம் எடுக்காத கம்பி

லிஸ்பன் போறவையின்ர போனில் அநேகமா ஒரு படம் இருக்கும்: ஒடுங்கின சரிவுத் தெருவில் ஏறுற மஞ்சள் பெட்டி. குளோரியா எண்டு பேர். 1885 இல் ஓடத் தொடங்கினது. கீழே ரெஸ்டௌரடோரஸ் சதுக்கம், மேலே பைரோ அல்டோ. நடுவில் முந்நூறு மீற்றரும் இல்லை. 2002 இல் போர்த்துக்கல் இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

2025 செப்டெம்பர் 3 ஆம் திகதி மாலை, மேலிருந்த பெட்டி கட்டுப்பாடிழந்து பாய்ந்து கட்டடமொன்றில் மோதியது. 16 பேர் இறந்துபோனார்கள்.

இப்படி ஒண்டு நடந்தால் வழக்கமாக ரெண்டு கதை வரும். ஒன்று, "பழசு தானே, மியூசியத்துக்கு அனுப்புங்கோ." மற்றது, "விதி." ரெண்டையும் நாங்கள் ஏற்கவில்லை.

இது ஓடுற விதத்தைப் பாருங்கள். ரெண்டு பெட்டிகளும் ஒரே கம்பியில் கட்டப்பட்டிருக்கும். இறங்குற பெட்டியின் பாரம் ஏறுற பெட்டியை இழுக்க உதவும். மிச்சத்தை மின்மோட்டர் பார்த்துக்கொள்ளும். கம்பி தெருவுக்கு அடியில் ஓடுவதால் ஏறுற ஆட்களின் கண்ணில் படாது.

அறுந்தது அந்தக் கம்பிதான். விசாரணையாளர்கள் வெளியிட்ட ஆரம்ப அறிக்கைகளின்படி அது பூட்டப்பட்டு 337 நாட்கள்தான். 600 நாட்கள் பாவிக்கலாம் எண்டு கணக்கு. ஆக, உடைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சாமான் இல்லை. ஒரு வருசம்கூட ஆகாத கம்பி. அதுவும் ஆட்களை ஏற்றும் வாகனத்துக்கெனச் சான்று பெறாத வகை. அன்று காலையும் சோதித்திருக்கிறார்கள். பிழை ஒன்றும் பதிவாகவில்லை. ஆனால் அறுந்த இடத்தைக் கழற்றாமல் பார்க்கவே முடியாது. பிரேக் பிடித்தும் பயனில்லை. கம்பி இல்லாமல் பெட்டியை நிறுத்துற பலம் அதற்கு இருக்கவில்லை.

மரபைக் காப்பாற்றுவது எண்டால் அதன் தோற்றத்தைக் காப்பாற்றுவது எண்டுதான் நினைக்கிறோம். மஞ்சள் நிறத்தை மாற்றினால் ஊரே சண்டைக்கு வரும். கம்பியை மாற்றினால் ஏன் எண்டு கேட்க ஆளில்லை. ஊர் சுற்றப் போற நாங்கள் காசு குடுக்கிறதும் அந்தத் தோற்றத்துக்குத்தான்.

அதுக்காக நிரந்தரமாக மூடிவிடு எண்டு சொல்லவும் ஏலாது. இறந்தவர்களில் நாலு பேர், மேட்டில் இருக்கிற பழைய தொண்டு நிறுவனமொன்றின் பணியாளர்கள். அவர்களுக்கு அது வேடிக்கைச் சவாரி இல்லை, அன்றாடப் போக்குவரத்து. மலைகளில் கட்டின நகரத்துக்கு இப்படியொரு வண்டி தேவைதான்.

எனவே, குளோரியா திரும்ப ஓடட்டும். ஆனால் கம்பி அறுந்தாலும் பெட்டியைத் தனியே நிறுத்தக்கூடிய பிரேக்கோடு ஓடட்டும். கம்பி எப்ப மாற்றினது, ஆர் சோதித்தது, எந்த இடத்தைப் பார்க்க முடியவில்லை எண்ட விபரங்களையும் கட்டண விபரம் எழுதின பலகைக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும். உயிரைக் குடுத்து ஏறுற ஆட்களுக்கு அதைக் கேட்கிற உரிமை இருக்கு.