ஓராண்டுக் கணக்கை யாரிடம் ஒப்புவிப்பது?

ஆண்டு முடிவடையும்போது, சிறுவர் நலனுக்காக உழைக்கும் தொண்டு நிறுவனங்கள் தமது பணிகளையும் சாதனைகளையும் அறிக்கையாக வெளியிடுவது வழக்கம். இத்தனை பாடசாலைப் பைகள், இத்தனை சோடிச் சப்பாத்துகள், இத்தனை சத்துணவுப் பொதிகள், இத்தனை கருத்தரங்குகள் என எண்கள் வரிசையாக நிற்கும். முன் அட்டையில் சிரித்த முகத்துடன் ஒரு குழந்தையின் படமும் இருக்கும். அவ்வறிக்கை கொழும்புக்குப் போகும். அங்கிருந்து கடல் கடந்து நிதியுதவி அளித்தோரிடம் போகும். எந்தப் பிள்ளைகளின் பெயரால் அது எழுதப்பட்டதோ, அப்பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரின் கைக்கு அது வந்து சேர்வது மிக அரிது. இது முறைதானா?

வயல் செய்த எம் மக்களுக்கு இதனை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல் போட்டேன், இத்தனை அந்தர் பசளை எறிந்தேன் என்பது செலவுக் கணக்கு. சூடடித்து, தூற்றி, மூடை கட்டிய பின் வீட்டுக்கு வந்தது எவ்வளவு என்பதே விளைச்சல் கணக்கு. விதைத்த கணக்கைக் காட்டி, விளைந்துவிட்டது என்று சொல்லும் கமக்காரன் எங்கும் இல்லை. ஆனால் சிறுவர் நலப் பணியில் விதைத்த கணக்கே பல வேளைகளில் விளைச்சலாகக் காட்டப்படுகின்றது. பை கொடுக்கப்பட்டது உண்மை. அந்தப் பையைத் தோளில் மாட்டிய பிள்ளை ஆண்டு முழுவதும் பாடசாலைக்குப் போனதா என்பதே விளைச்சல்.

நற்செய்தியில் அப்பம் பலுகிய நிகழ்ச்சியை நாம் அறிவோம். ஐந்து அப்பங்களும் இரண்டு மீன்களும் ஒரு சிறுவனிடம் இருந்தன என்று யோவான் எழுதுகின்றார். பகிர்ந்து கொடுத்ததோடு அவர் கதையை முடிக்கவில்லை. எல்லோரும் வயிறார உண்டதையும், பன்னிரண்டு கூடைகள் மீதியாக எடுக்கப்பட்டதையும் சேர்த்தே சொல்கின்றார். பசி தீர்ந்ததா என்பதே அங்கு கணக்கு.

இக்கேள்வி புதியதன்று. முதலாம் உலகப் போர் ஓய்ந்த பின்னரும் நேச நாடுகளின் முற்றுகை நீடித்ததால், ஜேர்மனியிலும் ஒஸ்ரியாவிலும் குழந்தைகள் பட்டினியால் வாடினர். எதிரி நாட்டுக் குழந்தைகளுக்காகக் குரல் கொடுத்த எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலப் பெண்மணி, பட்டினியால் மெலிந்த குழந்தையின் படம் தாங்கிய துண்டுப் பிரசுரத்தை இலண்டனில் விநியோகித்தமைக்காக 1919இல் கைது செய்யப்பட்டு, 5 பவுண் தண்டம் விதிக்கப்பட்டார். அதே ஆண்டு அவரும் அவரது சகோதரியும் சேர்ந்து தொடங்கிய அமைப்பே, இன்று எமது நாட்டிலும் அறியப்பட்ட 'சேவ் த சில்ட்ரன்'.

அக்காலத்துப் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர், மாசற்ற குழந்தைகள் திருநாளான டிசம்பர் 28ஆம் திகதி எல்லா ஆலயங்களிலும் அக்குழந்தைகளுக்காகக் காணிக்கை எடுக்கும்படி 1919 நவம்பரில் சுற்றுமடல் எழுதினார். 1920 டிசம்பர் 1ஆம் திகதி மீண்டும் ஒரு மடல் எழுதினார். ஓராண்டு நிறைந்துவிட்டது என்னும் பொருள்படும் இலத்தீன் சொற்களோடு அது தொடங்குகின்றது. கத்தோலிக்க அமைப்பு அல்லாத அந்த நிதியத்தை அவர் அதில் பெயர் குறிப்பிட்டுப் பாராட்டினார். கொடுத்தவர்களுக்கு நன்றியும் சொன்னார். ஆயினும் அத்தோடு மனநிறைவு அடைந்துவிடவில்லை. குழந்தைகள் இன்னமும் உணவுக்கும் உடைக்கும் வழியின்றி இருப்பதை எடுத்துக்காட்டி, மறுபடியும் உதவி கேட்டார். நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அம்மடல், ஓராண்டுக் கணக்கு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு நல்ல மாதிரி. செய்ததைச் சொல்லி நன்றி கூறுவது ஒரு பாதி. குழந்தையின் இன்றைய நிலையை மறைக்காமற் சொல்வது மறு பாதி.

தொண்டு நிறுவனங்கள் எதையும் சாதிக்கவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இளம்பிள்ளைவாதத்தை எண்ணிப் பாருங்கள். போர் நடந்த ஆண்டுகளிலும் போலியோ சொட்டு மருந்து வடக்கு கிழக்குப் பிள்ளைகளைத் தேடி வந்தது. அதற்கென யுனிசெவ் போன்ற அமைப்புகள் இரு தரப்பினரோடும் பேசி, துப்பாக்கிகள் ஓய்ந்திருக்கும் நாட்களைப் பெற்றுத் தந்தன. இலங்கையில் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி பதிவானது 1993இல். 2014இல் எமது நாடு உட்பட தென்கிழக்காசியப் பிராந்தியமே அந்நோய் அற்றதென உலக சுகாதார நிறுவனத்தால் சான்றுறுதிப்படுத்தப்பட்டது. இங்கு சாதனை என்பது எத்தனை துளி மருந்து ஊற்றப்பட்டது என்பதன்று. அந்நோயினால் ஒரு பிள்ளையும் கால் முடங்கவில்லை என்பதே சாதனை. ஏனைய பணிகளையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

சத்துணவை எடுத்துக்கொள்வோம். 1970களில் தொடங்கிய திரிபோஷா, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் உரியது. ஆனால் அடுப்பில் வேறொன்றும் இல்லாத வீட்டில் அந்தப் பொதி ஒரு பிள்ளைக்கு மட்டும் எப்படிப் போகும்? நாலு பிள்ளைகளும் ஒரே தட்டைப் பார்த்திருக்கும்போது தாய் பகிர்ந்துதான் கொடுப்பாள். அது அவளுடைய குற்றமன்று. பொதி கொடுத்த கணக்கு ஏறும். கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு ஏறாது. எனவே குடும்பநல உத்தியோகத்தர் மாதந்தோறும் குறிக்கும் அந்தக் கோட்டைப் பார்க்காமல் எழுதப்படும் சத்துணவு அறிக்கை அரைகுறையானது.

முன்பள்ளியும் அவ்வாறே. கட்டடம் திறப்பு விழாக் காண்கிறது, பெயர்ப்பலகை எழுகிறது. திட்டக் காலம் முடிந்ததும் ஆசிரியையின் கொடுப்பனவு நின்றுவிடுகிறது. ஊர்ப் பிள்ளைகளைக் கைவிட மனமின்றிச் சில மாதங்கள் சம்பளமில்லாமற் படிப்பிக்கும் அந்த இளம்பெண், பின்னர் வேறு தொழில் தேடிப் போக நேரிடுகிறது. பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சுகிறது. இதில் ஆசிரியையைக் குறை சொல்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை.

யாவற்றிலும் மேலாக, இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பத்தின் பிள்ளையை அதன் காணியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்கள், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் நடந்தவர்கள், 2009இல் வன்னியிலிருந்து முட்கம்பிக்குள் கொண்டு செல்லப்பட்டவர்கள் அனைவரும் இதை அனுபவத்தில் அறிவர். வயலும் தோட்டமும் இருந்த நாளில் பிள்ளைக்குச் சோறு, கீரை, பயறு, வீட்டு மாட்டின் பால், கோழி முட்டை என்பன கேளாமலே கிடைத்தன. காணி போன அன்றே பிள்ளையின் தட்டும் சுருங்கியது. வலிகாமம் வடக்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எல்லாக் காணிகளும் உரியவர் கைக்குத் திரும்பவில்லை. காணி திரும்பக் கிடைத்த இடங்களிலும் கிணறு தூர்ந்தும் வரம்பு அழிந்தும் கிடந்த நிலத்தைச் சீர்செய்யவே பலர் கடன்பட்டனர். எனவே, எமது வேலை சிறுவர் பணி மாத்திரமே, காணியும் கடனும் எமக்குரியவை அல்ல என்று ஒரு நிறுவனம் சொன்னால், வேரை விட்டு இலைக்குத் தண்ணீர் தெளிப்பதற்கே அது ஒப்பாகும்.

நிதி தருவோர் எண்களைக் கேட்கின்றார்கள், ஓராண்டுத் திட்டத்தில் பிள்ளையின் வாழ்வு மாறியதைக் காட்டுவது இலகுவன்று என்று நிறுவனங்களில் பணிபுரிவோர் சொல்வர். அதில் நியாயம் உண்டு. பாடசாலையும் வைத்தியசாலையும் நடத்துவது அரசின் கடமை. அதனை ஒரு தொண்டு நிறுவனத்தின் தலையில் சுமத்தலாகாது. ஆனால் இக்காரணங்கள் எவையும், உள்ளதை உள்ளபடி ஊராருக்குச் சொல்வதற்குத் தடையல்ல. ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டென்று அதன் 12ஆவது உறுப்புரை கூறுகின்றது. பிள்ளைக்கே அந்த உரிமை இருக்குமாயின், பெற்றோருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை இல்லாமற் போகுமா?

ஆகவே ஒவ்வொரு ஊரிலும், காலபோக அறுவடை முடிந்து சற்று ஓய்வு கிடைக்கும் நாட்களில், தாய்மார் சங்கமோ கமக்காரர் அமைப்போ ஒரு கூட்டத்தைக் கூட்டட்டும். அங்கு பணிபுரிந்த நிறுவனத்தை அழைத்து, அதன் ஆண்டறிக்கையைத் தமிழில் வாசிக்கச் சொல்லட்டும். பின்வரும் கேள்விகளை மரியாதையோடும் அச்சமின்றியும் கேட்கலாம்:

1. எமது ஊரில் நிறை குறைந்த பிள்ளைகள் ஆண்டின் தொடக்கத்தில் எத்தனை பேர்? இப்போது எத்தனை பேர்?

2. கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 வரை உயர்த்தப்பட்டது. அவ்வயதுக்குள் பாடசாலையை விட்டு நின்ற பிள்ளைகள் யார் யார்? பிறப்புச் சான்றிதழ் இல்லாமையா, பயணச் செலவா, வீட்டுக் கடனா காரணம்?

3. உங்கள் திட்டம் முடிந்த மறுநாள் முன்பள்ளி ஆசிரியைக்குக் கொடுப்பனவு யார் தருவார்?

4. வந்த பணத்தில் எமது ஊருக்குச் செலவானது எவ்வளவு?

இக்கேள்விகள் திருச்சபையின் நிறுவனங்களுக்கும் பொருந்தும். அங்கி அணிந்தவர்கள் நடத்துகிறார்கள் என்பதற்காக எவருக்கும் விலக்கு வேண்டாம்.

கேட்டால் அடுத்த முறை உதவி கிடைக்காமற் போகுமோ என்ற பயம் எம் மக்களிடையே உண்டு. வரிசையில் நின்று அட்டை காட்டி உணவு பெற்ற ஆண்டுகள் அப்பயத்தை எமக்குள் ஊன்றிவிட்டன. ஆனால் குத்தகைக்கு வயல் செய்யும்போது நெல் அளப்பதை அருகில் நின்று எண்ணிப் பார்ப்பவர்கள் நாம். எமது நெல்லுக்குக் காட்டும் கவனத்தை எமது பிள்ளைகளுக்கும் காட்டுவோம். நேர்மையாக உழைக்கும் நிறுவனம் இக்கேள்விகளால் மனம் நோகாது. தன் பணியை ஊரோடு சேர்ந்து திருத்திக்கொள்ளும். அடுத்த காலபோகம் முடியுமுன் உங்கள் ஊரில் ஒரு கூட்டமாவது நடக்கட்டும்.