ஆடினோம்... கேட்டோமா?



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். கல்லூரி விழா என்றாலே நாம் விசிலடித்து ஆடும் பாட்டு எது? "என்ஜாய் எஞ்சாமி" என்று முதலாமாண்டுத் தம்பிகள்கூடச் சொல்லிவிடுவார்கள். சரி, அந்தப் பாட்டு எதைப் பற்றியது?

என் பெஞ்சில் இருக்கும் மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவன், "காடு, மரம், இயற்கை" என்றான். இன்னொருவன், "ஜாலியா இருன்னு சொல்லுது" என்றான். மூன்றாமவன், "பீட்டுதான்டா முக்கியம், வார்த்தையை எவன் கேட்டான்?" என்றான். நானும் மூன்றாமவன் கட்சியில்தான் இருந்தேன். போன மாசி மாதம் ஒரு சாயங்காலம் என் அப்பத்தா என்னைக் கட்சி மாற வைத்துவிட்டது.

அன்றைக்குத் திண்ணையில் ஸ்பீக்கரை வைத்து டான்ஸ் பிராக்டிஸ் செய்துகொண்டிருந்தேன். அப்பத்தா வேப்பமரத்தடியில் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தது. திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "அய்யா, அந்தத் தோட்டத்துப் பாட்டை இன்னொருக்கா போடு" என்றது.

"தோட்டத்துப் பாட்டு இல்ல அப்பத்தா, இது டான்ஸ் பாட்டு" என்று சிரித்தேன்.

"போடா! பாடுபட்டு மரம் வச்சவளுக்கே குடிக்கத் தண்ணி இல்லேன்னு அந்தப் பிள்ளை பாடுது. தோட்டம்னா நீ என்னான்னு நெனச்சே? கத்தரிக்காத் தோட்டமா? தேயிலைத் தோட்டம்டா!"

நண்பர்களே, அப்பத்தா இலங்கை மலைநாட்டில் ஒரு லயத்தில் பிறந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்! பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அதன் தாத்தா ஒரு பஞ்ச காலத்தில் முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து கங்காணி பின்னால் போனவராம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க வேண்டும். பிறகு முதுகில் கூடை, அட்டைக்கடி, நாள் முழுக்கக் கொழுந்து. 1973-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்கு வந்து சேர்ந்ததாம். சொந்த ஊர் என்று வந்த இடத்தில் ஒரு செண்டு நிலம் கிடையாது.

"ஏன் அப்பத்தா இவ்வளவு நாளா சொல்லல?" என்று கேட்டேன். "வந்த புதுசுல 'சிலோன்காரி, சிலோன்காரி'ன்னு கேலி பேசுனாக. உங்கப்பனுக்கும் அந்தப் பேரு ஒட்டிக்கிறக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன் சாமி" என்றது.

பிறகுதான் அந்தப் பாட்டின் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன். இது சினிமாப் பாட்டு அல்ல. 2021 மார்ச் மாதம் "மாஜா" என்ற இசை நிறுவனம் யூடியூபில் வெளியிட்டது. எழுதியவர் அறிவு. அவரும் தீயும் சேர்ந்து பாடினார்கள். இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். 40 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டிருக்கிறது. அறிவு அரக்கோணத்துக்காரர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து திரும்பியவர். அந்த வீடியோவிலும் அவர் வருகிறார். பாட்டுக்குள்ளே ஒப்பாரியின் ராகம் கேட்பதற்குக் காரணம் இதுதான். நாம் அதற்கும் விசிலடித்தோம்!

"எஞ்சாமி" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். "என் சாமி" என்பதுதான் அது. பண்ணையாரைப் பார்த்துக் கைகட்டி நின்றவனும் "சாமி" என்றுதான் கூப்பிட்டான். பேரனைக் கொஞ்சும் அப்பத்தாவும் "சாமி" என்றுதான் கூப்பிடுகிறது. அடிமைச் சொல்லும் அன்புச் சொல்லும் நம் ஊரில் ஒன்றாகவே இருக்கிறது. அந்தச் சொல்லைப் பேரன் பக்கம் இழுத்து வைப்பதுதான் பாட்டின் வேலை என்று நான் நினைக்கிறேன்.

கொஞ்சம் சரித்திரமும் பார்ப்போம். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது! ஏதோ மூட்டைக் கணக்குப் போல இல்லையா? அந்த மேஜையில் கொழுந்து பறித்தவர்கள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதனால்தான் அப்பத்தாவின் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. நாம் பஸ்ஸில் பாட்டுக் கேட்டுக்கொண்டே தாண்டிப்போகும் மண்டபம் முகாமின் சுவருக்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது.

முதல் வருடம் இன்ஜினியரிங் டிராயிங்கில் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வெளியே தெரியும் விளிம்புக்கு முழுக்கோடு. உள்ளே மறைந்திருக்கும் துளைக்கு விட்டு விட்டுப் போடும் டாட்டட் கோடு. அதைக் கவனிக்காமல் லேத்தில் ஏற்றினால் ஜாப் வீண். பாட்டுக்கும் அப்படித்தான். ஆனால் இல்லாத துளைக்குக் கோடு போட்டாலும் மார்க் போய்விடும்!

பீட்டில்ஸ் என்ற ராக் குழு 1967-ல் "லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்" என்று ஒரு பாட்டு வெளியிட்டது. தலைப்பில் உள்ள முதலெழுத்துகளைச் சேர்த்தால் எல்.எஸ்.டி. என்ற போதைமருந்தின் பெயர் வருகிறது என்று உலகமே துப்பறிந்தது. எழுதிய ஜான் லெனானோ, தன் சின்ன மகன் ஜூலியன் வரைந்த படத்திலிருந்து வந்த தலைப்பு என்றும், காட்சிகள் ஆலிஸ் கதையிலிருந்து வந்தவை என்றும் சொல்லிவந்தார். எழுத்தைக் கூட்டிப் பார்ப்பது மட்டும் ஆராய்ச்சி ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று. 1978-ல் போனி எம் குழு பாடிய "ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்" உலகம் முழுவதும் டிஸ்கோவில் ஆடப்பட்ட பாட்டு. அதை முதலில் 1970-ல் பாடியவர்கள் ஜமைக்கா நாட்டு மெலோடியன்ஸ் குழுவினர். பாட்டின் மூலமோ பைபிளின் 137-ஆம் சங்கீதம். தங்கச்சிமடத்து நண்பனிடம் சொன்னேன். "டேய், அது சிறைபிடிச்சுக் கொண்டுபோனவங்க ஊரை நினைச்சு ஆத்தங்கரையில அழுகுறதுல்ல!" என்று அதிர்ந்துபோனான். அழுகை எப்படியோ ஆட்டமாகிவிடுகிறது.

ஆடுவது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. அன்றைக்கு அப்பத்தாவும் முடைகிற ஓலையால் தரையில் தட்டித் தாளம் போட்டது. தாளம் இல்லாவிட்டால் இந்தக் கதை இத்தனை கோடிப் பேரிடம் போயிருக்காது. ஆனால் தாளம் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும்? 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் தன் டிஜிட்டல் அட்டையில் இந்தப் பாட்டைக் கொண்டாடியது. அட்டையில் எழுதிய அறிவு இல்லை! இயக்குநர் பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகுதான், அறிவுக்குத் தனி அட்டை வந்தது. மரம் வைத்தவருக்குத் தண்ணீர் இல்லை என்ற பாட்டுக்கே அந்தக் கதி என்றால் என்ன சொல்ல?

ஆகவே நண்பர்களே, ஒரு பாட்டு பிடித்துவிட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். எழுதியவர் யார்? அந்தச் சொல் எந்த வேலையிலிருந்து, எந்த ஊரிலிருந்து வந்தது? அந்த ராகத்தை முதலில் பாடியவர்கள் யார்? பதில் கூகுளில் பாதிதான் கிடைக்கும். மீதி உங்கள் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஆனால் அந்தப் பாட்டை எங்கள் வீட்டில் முதலில் புரிந்துகொண்டது பள்ளிக்கூடமே போகாத அப்பத்தாதான்.

இந்த ஆண்டு விழாவுக்கு அப்பத்தாவைக் கூட்டிவரப் போகிறேன். அந்தப் பாட்டு வரும், நாமும் ஆடுவோம். முன்வரிசையில் ஓலைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தால், ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் போய், "நீங்க எந்தத் தோட்டம் அப்பத்தா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஐம்பது வருடமாக அதை யாரும் கேட்கவில்லை.

— இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை